மெஸ்ஸல் பள்ளம்: குதிரையை விடுங்கள், பூச்சியைப் பாருங்கள்

ஜெர்மனியில் இருக்கிற, புதைபடிவங்களுக்குப் பேர்போன மெஸ்ஸல் பள்ளத்துக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் ஐடாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2009 மே மாதம் ஏக விளம்பரத்தோடு உலகத்துக்குக் காட்டினார்களே, டார்வினியஸ் மாசிலே என்று பெயர் வைத்த அந்தக் குட்டிப் பிராணியின் புதைபடிவம். மனிதன் வந்த வழியில் விடுபட்டுப்போன கண்ணி கிடைத்துவிட்டது என்றெல்லாம் டிவியில் சொன்னார்கள். அப்புறம் பல ஆய்வாளர்கள், இது நம் கிளையே இல்லை, குரங்குக்குத் தூரத்து உறவான லெமூர்கள் இருக்கிற பக்கத்துக் கிளை என்று சொன்னதும் சத்தம் அடங்கிவிட்டது. ஐடாவைத் தெரியாதவர்கள் குதிரையைக் கேட்பார்கள். நாய் உயரமே இருந்த ஆதிகாலக் குதிரை, அதிலும் ஒன்று வயிற்றில் குட்டியோடு. நல்ல விஷயங்கள்தான், எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தை ஏன் வேலி போட்டு, காசு செலவழித்து, தண்ணீர் இறைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் குதிரையைக் காட்ட மாட்டேன், அங்கே கிடைக்கிற பூச்சிகளைத்தான் காட்டுவேன். ஏன் என்று சொல்ல கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே, டார்ம்ஸ்டாட் நகரத்தை ஒட்டி, காட்டை அணைத்த மாதிரி இருக்கிறது மெஸ்ஸல் கிராமம். டார்ம்ஸ்டாட்டில் ரயில் ஏறி உட்கார்ந்து போனைக் கையில் எடுப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும். பள்ளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம், 700 மீட்டர் அகலம், 60 மீட்டர் ஆழம். பார்வை மேடையில் நின்று எட்டிப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. சரிவெல்லாம் புதரும் மரமும் மூடிக்கிடக்கிறது, ஆங்காங்கே மட்டும் கரும்பச்சையாக வெட்டின தடம் தெரிகிறது. கூட வந்த நண்பர் மதுரைக்காரர், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளைப் பார்த்து வளர்ந்தவர். "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். மேடையோடு திரும்பியிருந்தால் அவர் கேட்டது நியாயம்தான்.

சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஒரு எரிமலை வெடிப்பு. மலையாக உயர்ந்து நெருப்பைக் கக்குகிற வகை இல்லை. மேலே வந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட, நீர் ஒரே நொடியில் ஆவியாகி, நிலம் வெடித்துக் கிண்ணம் போலப் பள்ளம் விழுகிற வகை. 2001-இல் பள்ளத்தின் நடுவே 433 மீட்டர் ஆழத்துக்குத் துளைபோட்டுப் பார்த்தபோது, ஏரிப் படிவுக்குக் கீழே அந்த எரிமலைப் பாறை கிடைத்தது. பள்ளம் எரிமலையால் வந்ததா இல்லையா என்று அதுவரை நடந்துகொண்டிருந்த வாக்குவாதமும் அதோடு முடிந்தது. வெடித்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து ஏரியானது. ஆழமான, கரை செங்குத்தான ஏரி. மேலே இருக்கிற தண்ணீரும் அடியில் இருக்கிற தண்ணீரும் கலக்கவே இல்லை, அதனால் அடியில் ஆக்சிஜன் கிடையாது. விழுந்ததைத் தின்ன அங்கே மீனும் இல்லை, புழுவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் வெயில் காலத்தில் மேலே பாசி பூத்து, செத்து, அடியில் போய் மெல்லிய வெளிர் படலமாகப் படியும். அதன் மேல் களிமண் படியும். வருடத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இது கிட்டத்தட்ட 10 லட்சம் ஆண்டுகள் நடந்திருக்கிறது. அப்போது ஜெர்மனியில் குளிரே கிடையாது, சுற்றிலும் வெப்பமண்டலக் காடு, பனைமரம், முதலை எல்லாம்.

அந்தப் படிவுதான் ஆயில் ஷேல், எண்ணெய்ப் பொருள் ஊறிய களிப்பாறை. பாறை என்று சொல்கிறோமே தவிர அதில் ஏறத்தாழ 40 சதவீதம் தண்ணீர். இந்த 40 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பூச்சிகளின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். 1880-களில் இருந்து ஷேலைச் சூடாக்கி எண்ணெய் வடிக்கிற தொழிற்சாலை பெரிய அளவில் ஓடியது. 1962 வரை எண்ணெய் எடுத்தார்கள், 1971-இல் தோண்டுவதும் நின்றது. மொத்தமாக சுமார் 2 கோடி டன் ஷேல் இங்கிருந்து போயிருக்கிறது, அதிலிருந்து வந்தது ஏறத்தாழ 10 லட்சம் டன் எண்ணெய். 1875-இலேயே தொழிலாளர்கள் ஒரு முதலையின் எச்சத்தைப் பார்த்துவிட்டார்கள், ஆகவே இங்கே பழைய உயிர்கள் புதைந்திருப்பது ஆரம்பத்திலேயே தெரியும். முதலை கண்ணுக்குப் பட்டது. முதலைக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த அரை சென்டிமீட்டர் வண்டு யார் கண்ணில் படும்? இயந்திரம் வாரி எடுத்து, நொறுக்கி, உலையில் போட்டுக் காய்ச்சியது. ஷேலின் ஒவ்வொரு தகட்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்? இரண்டு உலகப்போர்கள், அரசாங்கத்துக்கு எண்ணெய் வேண்டும். அந்த 2 கோடி டன்னில் எத்தனை பூச்சிகள் போயின என்று கணக்குப்போட வழியே இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது மிச்சம்.

அந்த மிச்சத்தையும் குப்பை போட்டு மூடப் பார்த்தார்கள். சுரங்கம் நின்றதும் அதிகாரிகளுக்கு அது ஒரு வசதியான பள்ளம். பக்கத்தில் பெரிய நகரங்கள், நகரங்களில் மலைமலையாகக் குப்பை, காட்டுக்குள்ளே 60 மீட்டர் ஆழக் குழி, வேறென்ன யோசனை வரும்? 1970-களில் குப்பைக்கிடங்குத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது, வருடக்கணக்கில் இழுத்தது. ஆவணம், விசாரணை, மேல்முறையீடு, இதெல்லாம் எந்த நாட்டிலும் ஒரே லட்சணம்தான் போல. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு, 1991-இல் ஹெஸ்ஸே மாநில அரசே பள்ளத்தை விலைக்கு வாங்கியது. அடுத்த வருடம் சென்கென்பெர்க் ஆய்வு நிறுவனம் பொறுப்பெடுத்தது. 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். இயற்கைப் பிரிவில் ஜெர்மனியிலிருந்து முதலில் இடம்பெற்றது, ஆல்ப்ஸ் சிகரம் எதுவும் இல்லை, குப்பைக்குத் தப்பிய இந்தக் குழிதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குப்பை வரப்போகிறது, எல்லாம் மூடப்போகிறது என்கிற அந்தப் பதற்றம்தான் பள்ளத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. சென்கென்பெர்க் 1975-இல் முறையான அகழாய்வைத் தொடங்கியது. கூடவே தனியார் சேகரிப்பாளர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் உண்டு, அற்புதமான எச்சங்களைக் காப்பாற்றியவர்கள் உண்டு, விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு. ஐடாவே அப்படி 1983-இல் ஒரு தனியார் தோண்டி எடுத்ததுதான். இரண்டு பாதியாகப் பிரிந்து இரண்டு திசைக்குப் போய், கால் நூற்றாண்டு கழித்துத்தான் அறிவியலின் கைக்கு வந்தது.

இப்போது அந்த 40 சதவீதத் தண்ணீருக்கு வருகிறேன். ஷேலை வெட்டி வெளியே வைத்தால் காய ஆரம்பிக்கும், காய்ந்தால் தகடு தகடாகப் பிரிந்து சுருளும், உள்ளே இருக்கிற எச்சமும் சேர்ந்து உதிரும். எலும்புள்ள பிராணிகளுக்கு 1960-களில் ஒரு வழி பிடிபட்டது. ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, அதன் மேல் ரெசின் என்கிற செயற்கைப் பிசினை ஊற்றி, அது இறுகியதும் திருப்பிப்போட்டு, மறுபக்கத்து ஷேலை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எலும்புக்கூடு பாறையை விட்டு ரெசின் பலகைக்கு வீடு மாறிவிடும். பழுப்பு நிறக் கண்ணாடிப் பலகைகளில் மெஸ்ஸல் குதிரைகள் படுத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அது பாறையே இல்லை, ரெசின். அப்படி மாற்றிய குதிரைக்கு இனி பயமில்லை, எந்த ஊர் அருங்காட்சியகத்துக்கும் கொண்டுபோகலாம்.

பூச்சிக்கு இது நடக்காது. தோலும் சிறகும் அவ்வளவு மெல்லிசு. அதனால் பூச்சி இருக்கிற ஷேல் துண்டை அப்படியே கிளிசரினில் போட்டு வைக்கிறார்கள், இலைகளையும் அப்படியே. ஆயிரக்கணக்கான பூச்சிகள் இன்றும் கிளிசரினுக்குள்தான் வாழ்கின்றன, வாழ்கின்றன என்று சொல்லலாமா தெரியவில்லை, சரி. 4.8 கோடி வருடம் ஈரத்திலேயே கிடந்தவை, எடுத்த பிறகும் ஈரத்திலேயே இருந்தாக வேண்டும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் போச்சு. அகழாய்விலும் இதே கதைதான். கோடைகாலத்தில் பெரிய பெரிய கட்டிகளாக வெட்டி எடுத்து, நனைத்துக்கொண்டே, நீளமான கத்தியால் படலம் படலமாகப் பிளக்கிறார்கள். பிளந்ததும் உடனே ஈரத்தில் மூட வேண்டும். எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதையும் குறிக்க வேண்டும். அதற்குப் பள்ளம் முழுக்கத் தெரிகிற சில அடையாளப் படலங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்து, அவற்றிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே, எத்தனை கீழே என்று அளக்கிறார்கள். வேட்டைக்காரச் சேகரிப்பாளர்கள் காலத்தில் இந்த அளவு எதுவும் எழுதப்படவில்லை. எந்த வருடத்துப் படலம் என்று தெரியாத வண்டு அழகான வண்டு, அவ்வளவுதான், அதை வைத்துக் காடு எப்படி மாறியது என்று சொல்ல முடியாது. பள்ளத்துக்குப் பாதுகாப்பு கிடைத்ததால் வந்த பெரிய லாபம் என்று நான் நினைப்பது இந்த நிதானத்தைத்தான். அவசரம் இல்லாத இடத்தில்தான் பூச்சியைத் தோண்ட முடியும்.

அப்படித் தோண்டியதில் என்ன கிடைத்தது? பாதிக்கு மேல் வண்டுகள். காரணம் லேசானது, வண்டின் ஓடு கெட்டி, கெடாமல் அடி வரை போய்ச் சேரும். மூக்கு நீண்ட கூன்வண்டுகள் நிறைய, அப்புறம் நம் பொன்வண்டுக் குடும்பம். நம் ஊரில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்தோமே, அதே குடும்பத்து உறவுகள்தான். அவை இன்றைக்கும் மின்னுகின்றன! பச்சை, நீலம், செம்பு நிறம். ஈரம் மாறாத ஷேல்மேல் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று அடிக்கிறது. சாயம் என்றால் 4.8 கோடி வருடம் தாங்காது. இது சாயமே இல்லை, ஓட்டின் மேல்தோலில் அடுக்கடுக்காக இருக்கிற மெல்லிய படலங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகிற விதத்தில் உண்டாகிற நிறம். படலங்களின் அடுக்கு கெடாத வரை நிறமும் இருக்கும். இருந்தாலும் இன்று நம் கண்ணுக்குத் தெரிகிற நிறமேதான் அன்று இருந்தது என்று சொல்லிவிட முடியாது, புதைந்து கிடந்ததில் ஓட்டுப்பொருளின் தன்மை மாறி, நிறமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

மரியா மெக்நமாரா என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011-இல் மெஸ்ஸல் அந்துப்பூச்சிகளை வைத்து இதைச் சரிசெய்யவே முயன்றார்கள். சிறகுச் செதிலின் நுண்ணடுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்து, இந்த அளவுக்கு உயிரோடு இருந்தபோது என்ன நிறம் வந்திருக்கும் என்று கணக்குப்போட்டார்கள். விடை: முன்சிறகு மஞ்சள் கலந்த பச்சை. இந்த அந்துப்பூச்சிகளின் இன்றைய உறவினர்கள் பகலில் பறப்பவை, உடம்பில் சயனைடு விஷம் வைத்திருப்பவை. இலைமேல் உட்கார்ந்தால் மறைவு, பூமேல் உட்கார்ந்தால் "என்னைத் தின்னாதே" என்கிற எச்சரிக்கை, ஒரே நிறத்துக்கு இரண்டு வேலை என்பது அவர்களின் ஊகம். ஊகம்தான், ஆனாலும் செத்துப்போன ஒரு அந்துப்பூச்சியின் நிறத்தை எண்ணாகக் கணக்கிட்டுச் சொல்வது என்பதே எனக்குத் தலை சுற்றுகிறது.

அடுத்தது எறும்பு. டைட்டனோமிர்மா ஜைகாண்டியா என்ற எறும்பின் ராணி, இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இதுவரை தெரிந்த எறும்புகளிலேயே பெரியது. கிடைத்தவை எல்லாம் ராணிகளும் ஆண்களும்தான், இறக்கை உள்ளவை. வேலைக்கார எறும்பு ஒன்றுகூட இங்கே கிடைக்கவில்லை. முதல் மழைக்கு ஈசல் கிளம்பி விளக்கடியில் விழுமே, அதே மாதிரி இணைசேரக் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தவற்றில் வழி தவறியவை ஏரியில் விழுந்திருக்கின்றன, நடந்து திரிகிற வேலைக்காரர்கள் ஏரி நடுவுக்கு எப்படி வருவார்கள்? இதே எறும்பின் உறவு ஒன்று அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்து, 2011-இல் அதற்கு டைட்டனோமிர்மா லூபி என்று பெயரிட்டார்கள். இத்தனை பெரிய எறும்புகள் இன்று வெப்ப நாடுகளில் மட்டுமே உண்டு, அப்படியானால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இது எப்படிப் போனது? அன்று ஆர்க்டிக் வழியாக நிலப்பாலம் இருந்தது, இடையிடையே பூமி சூடேறிய குறுகிய காலங்களில் அந்தப் பாலம் எறும்புக்கும் தாங்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எறும்பை வைத்து வடதுருவத்தின் வெப்பநிலையைப் பேசுகிறார்கள், குதிரையை வைத்து இதைச் செய்ய முடியுமா?

நான் உண்மையில் உருகிப்போனது இன்னொரு எறும்புக்கு. மாமரத்தில் ஏறி முசுறிடம் கடி வாங்காத ஆள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் குஞ்சுப் புழுவின் வாயிலிருந்து வருகிற பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் செம்முசுறு. அந்த முசுறின் இனத்தைச் சேர்ந்த எறும்பு மெஸ்ஸலில் கிடைத்திருக்கிறது, ஈகோஃபில்லா லாஞ்சிசெப்ஸ் என்று 2008-இல் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று உலகத்தில் முசுறு இரண்டே வகை. ஒன்று ஆப்பிரிக்காவில், இன்னொன்று இந்தியா, இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியா வரை. ஐரோப்பாவில் ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் குளிர் தேசத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று முசுறைப் பற்றி வழிகாட்டி விளக்க, நண்பர் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். குவாரி விஷயத்தில் அவரைக் கவர முடியாதது முசுறு விஷயத்தில் முடிந்தது.

இலைப்பூச்சியும் அப்படித்தான். இலை மாதிரியே உடம்பு, நரம்பு உட்பட, மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 2007-இல் சோன்யா வெட்மான், ஸ்வென் பிராட்லர், யெஸ் ருஸ்ட் மூவரும் மெஸ்ஸல் இலைப்பூச்சி ஒன்றை விவரித்தார்கள், ஈயோஃபில்லியம் மெஸ்ஸலென்ஸிஸ். இலைப்பூச்சிக்கு உலகத்தில் கிடைத்த முதல் புதைபடிவம் அது. ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளம், இன்று ஆசியக் காடுகளில் இருப்பவற்றிலிருந்து பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. 4.8 கோடி வருடம் ஒரே வேஷம். காட்டுக்குள் பறவைகளும் வேட்டையாடும் பிராணிகளும் மாறி மாறி வந்தாலும் இலை இலையாகவே இருந்தது, ஆகவே வேஷத்தை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை போலிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பூச்சியின் உடம்பு. எனக்கு அதைவிடப் பிடித்தது, பூச்சியே இல்லாத ஒரு பூச்சிப் புதைபடிவம். ஒரு இலை, அவ்வளவுதான். இலையின் நரம்புகளை ஒட்டி இரண்டிரண்டாகக் கடித்த தழும்புகள், மொத்தம் 29 இணை. டேவிட் ஹியூஸ், டார்ஸ்டன் வாப்லர், கான்ராட் லாபண்டீரா மூவரும் 2010-இல் இதை வெளியிட்டார்கள். இன்றைய வெப்பமண்டலக் காடுகளில் ஓஃபியோகார்டிசெப்ஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. எறும்புக்குள் புகுந்து அதன் நடத்தையைத் தன் வசப்படுத்தி, கூட்டத்திலிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போய், ஒரு இலையின் அடிப்பக்கத்து நரம்பைக் கவ்வ வைத்து, அப்படியே கொன்று, பிறகு அதன் தலையிலிருந்து முளைத்து வித்துகளைத் தூவும். சாகும்போது எறும்பு கவ்வுகிற அந்தக் கடி இலையில் ஒரு தனித் தழும்பை விட்டுப் போகும், தின்பதற்குக் கடிக்கிற கடி அப்படி இருக்காது. மெஸ்ஸல் இலையில் இருப்பது அந்தச் சாவுக்கடியேதான் என்கிறார்கள். எறும்பு இல்லை, பூஞ்சை இல்லை, ஒட்டுண்ணி எறும்பைப் பிடித்து ஆட்டிய அந்த நிமிடம் மட்டும் இருக்கிறது. இதை எண்ணெய் உலையில் போட்டிருந்தால்? குப்பைக்கு அடியில் விட்டிருந்தால்? யாருக்கும் நஷ்டம் என்றே தெரிந்திருக்காது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

யார் யாரைத் தின்றார்கள் என்பதில் மெஸ்ஸலை அடிக்க ஆளில்லை. சின்ன வவ்வால்களின் வயிற்றில் அந்துப்பூச்சிச் செதில்கள். 2021-இல் விவரித்த ஒரு ஈயின் இரைப்பையில் மகரந்தம், எந்தெந்தச் செடியில் போய்க் குடித்தது என்று பட்டியல் போடுகிற அளவுக்கு. ஈ என்றாலே அழுக்கு, பூவுக்குத் தேனீதான் என்று நாம் நினைப்போம், அந்தக் காட்டில் ஈக்களும் நன்றாகவே பூவேலை பார்த்திருக்கின்றன. பிறகு அந்தப் புகழ்பெற்ற பாம்பு. 2016-இல் கிருஷ்டர் ஸ்மித்தும் அகஸ்டின் ஸ்கான்ஃபெர்லாவும் வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் பாம்பு, அதன் வயிற்றில் ஒரு பல்லி, பல்லியின் வயிற்றில் ஒரு வண்டு. செய்திகளில் பாம்பின் படம் போட்டார்கள், பல்லியின் படம் போட்டார்கள், வண்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. வண்டு இல்லாவிட்டால் அது பல்லியைத் தின்ற பாம்பு, அவ்வளவுதானே! மூன்று படி உணவுச் சங்கிலியாக ஆனதே அந்த வண்டால்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரியில் கிடைத்த பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், ஆனால் நீரில் வாழ்கிற பூச்சிகள் இங்கே மிகக் குறைவு. தும்பி அபூர்வம். செங்குத்தான கரை, ஆக்சிஜன் இல்லாத அடி, அவை வளரத் தோதான ஆழமற்ற ஓரம் அவ்வளவாக இல்லை. கிடைத்ததில் பெரும்பகுதி சுற்றுக் காட்டிலிருந்து வந்து விழுந்தவை. ஏரியின் கதையைவிடக் கரைக்கு மேலே இருந்த காட்டின் கதையைத்தான் இவை சொல்கின்றன. அதிலும் பறக்கிறவை, கெட்டி ஓடு உள்ளவை அதிகம், மெல்லிய பட்டாம்பூச்சிகள் மிகக் குறைவு. அதனால் "மெஸ்ஸல் காட்டில் வண்டுகளே ஆட்சி செய்தன" என்று யாராவது எழுதினால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். ஏரிக்குள் வந்து சேர்ந்தவர்களின் கணக்குதான் அது.

நம் நாட்டிலும் இதே காலத்துப் பூச்சிகள் உண்டு. குஜராத்தில் சூரத் பக்கம், வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைத்த அம்பர், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசின், மெஸ்ஸலைவிட இன்னும் கொஞ்சம் பழையது, 5 கோடி ஆண்டுக்கு மேல். மரப்பிசினில் மாட்டிய தேனீ, எறும்பு, கறையான் என்று 700-க்கும் மேற்பட்ட சின்ன உயிர்களை 2010-இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவிலும் அதே யெஸ் ருஸ்ட், இலைப்பூச்சிக்குப் பெயர் வைத்தவர். ஆசியாவோடு இந்தியா முட்டிச் சேர்ந்த நேரத்தில் இங்கே இருந்த பூச்சிகளுக்கு உறவுகள் மற்ற கண்டங்களிலும் இருந்தன, அதுவரை எல்லோரும் நினைத்த மாதிரி தனித்து மிதந்து வந்த தீவாக இந்தியா இருக்கவில்லை என்று அந்த அம்பர் காட்டியது. எவ்வளவு பெரிய விஷயம்! பூச்சி எச்சமும் எரிபொருளும் ஒரே குழியில் கிடைப்பது மெஸ்ஸலுக்கு மட்டும் நடந்த தற்செயல் இல்லை. உயிர்ப்பொருள் மக்காமல் சேர்ந்த இடத்தில்தான் நிலக்கரியும் வரும், எண்ணெயும் வரும், வண்டும் வரும். அதனால் எந்தச் சுரங்கத்திலும் முதலில் வருகிறவர் எரிபொருளுக்காகத்தான் வருவார், பூச்சிக்காரர் பின்னாலே மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு வருவார். மெஸ்ஸலில் பூச்சிக்காரருக்கு இடமாவது கிடைத்தது.

அதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஏரியாக இருந்த இடம் இன்றும் ஏரியாகவே ஆகப்பார்க்கிறது, நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, இறைப்பதை நிறுத்தினால் குழி நிறைந்துவிடும். முழுக்க உலர்த்தவும் கூடாது, உலர்ந்தால் ஷேல் கெடும். காவல், அனுமதி, வேலி எல்லாம் இருக்கிறது, யாரும் சுத்தியோடு இறங்க முடியாது. இது கொஞ்சம் அதிகம் என்று புலம்புகிற சேகரிப்பாளர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பாதி எச்சம் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது குதிரை, வவ்வால், பறவை. அரை சென்டிமீட்டர் கூன்வண்டை ஆழம் குறித்து, கிளிசரினில் போட்டு, வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள எந்தத் தனியாருக்குப் பொறுமை இருக்கும், இருந்தாலும் அவருக்குப் பிறகு யார் பார்ப்பது?

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பார்வை மேடையோடு திரும்பாதீர்கள், வழிகாட்டியோடு மட்டும்தான் பள்ளத்துக்குள் விடுவார்கள், முன்பதிவு செய்துகொண்டு இறங்கிவிடுங்கள். 2010-இல் திறந்த பார்வையாளர் மையம் மேலேயே இருக்கிறது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஈரக் களிமண் செருப்பை விழுங்கும். ஷேல் துண்டு ஒன்றைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள், பிளந்ததும் லேசாக எண்ணெய் வாசம் வரும். ஒரு பாலிதீன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்கிற யோசனை வேண்டாம், அனுமதி கிடையாது, கிடைத்தாலும் வீடு வருவதற்குள் பொடியாகியிருக்கும். பெரிய எச்சங்களை ஃபிராங்க்ஃபர்ட் சென்கென்பெர்க் அருங்காட்சியகத்திலும் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஹெஸ்ஸே மாநில அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். அங்கே குதிரைக்கு முன்னால் கூட்டம் இருக்கும், அதைத் தாண்டிப்போய் பொன்வண்டு எங்கே என்று கேளுங்கள்.